கானி மின்ஹாட் யாருடைய ஆள்?

நெகிரி செம்பிலான் பெற்றெடுத்த மிகச் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் அப்துல் கானி மின்ஹாட். இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தயக்கம் எல்லாம் மற்றவர்களுக்குத்தான். காற்பந்து பேசும் எந்த மாமாக் கடையிலும் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "கானியா? அவர் சிலாங்கூர் ஆள் இல்ல?" என்ற பதில் தே தாரிக் வருவதற்கு முன்பே வந்துவிடும்.

சிலாங்கூர் ஆள் இல்லை. 1935 டிசம்பர் 23-இல் ரந்தாவில் பிறந்தவர். ரந்தாவ் என்றால் இப்போது பலருக்கும் 2019 இடைத்தேர்தல்தான் நினைவுக்கு வரும். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் பக்கம் போகும் வழியில் இருக்கும் சின்னப் பட்டணம். சுற்றிலும் தோட்டங்கள், நடுவே மலாய்க் கம்பங்கள். அங்கிருந்து வந்தவரைத்தான் நாடு முழுக்க 'ராஜா போலா' என்று அழைத்தார்கள். பந்தின் ராஜா. அந்தப் பட்டத்தைச் சிலாங்கூர்க்காரர்கள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். ரந்தாவைத்தான் எங்கேயோ தொலைத்துவிட்டார்கள்.

என் மனைவியின் அண்ணன் கிள்ளான்காரர். மச்சானுக்கும் எனக்கும் இது இருபது வருடச் சண்டை. அவர் வாதம் எளிமையானது. "எந்த ஜெர்சியைப் போட்டு ஆடினாரோ அந்த மாநிலத்துக்காரர். அவ்வளவுதான் மச்சான். பொறந்த ஆஸ்பத்திரிய எல்லாம் யாரு பார்க்கிறா?"

சரி, ஜெர்சிதான் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மலாக்காவின் அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன் சிலாங்கூர்க்காரர். ஒத்துக்கொள்கிறேன். அடுத்தது மொக்தார் டஹாரி. அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மச்சானின் குரல் மாறிவிடும். "மொக்தார் நம்ம மண்ணுல பொறந்த பையன். செத்தாபாக் பையன்." ஏன் மச்சான், பிறந்த இடம் முக்கியமில்லை என்று இப்போதுதானே சொன்னீர்கள்? மொக்தாருக்கு மட்டும் மண் எங்கிருந்து வந்தது?

அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1953-இல் மொக்தார் பிறந்தபோது செத்தாபாக் சிலாங்கூரில்தான் இருந்தது. 1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது செத்தாபாக்கும் சேர்ந்து போய்விட்டது. இன்றைய வரைபடத்தை விரித்தால் மொக்தாரின் மண் சிலாங்கூரில் இல்லை. ராஜகோபாலின் மண்ணும் அப்படித்தான். அவரும் செத்தாபாக்தான். இதைச் சொன்னால் மச்சானுக்குக் கோபம் வருகிறது. நான் செய்வது வழக்கறிஞர் வேலையாம். இருக்கட்டும். மொக்தார் சிலாங்கூர்க்காரர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கானிக்கு ஜெர்சி, மொக்தாருக்கு மண் என்று இரண்டு தராசு வைத்துக்கொண்டு, எது தாழ்ந்தாலும் சரக்கு தன் கூடைக்கே வரும்படி பார்த்துக்கொள்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

இது வெறும் கடைப் பேச்சுதானே, இதற்கு ஏன் ஒரு கட்டுரை என்று கேட்கலாம். மலேசியக் கிண்ண வரலாற்றைப் பாருங்கள். சிலாங்கூர் 33 முறை வென்றிருக்கிறது. நாங்கள் மூன்று முறை: 1948, 2009, 2011. முதல் கிண்ணத்துக்கும் இரண்டாவது கிண்ணத்துக்கும் நடுவில் 61 ஆண்டுகள். 1948-இல் பிறந்த பிள்ளை வளர்ந்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்று, அதற்கப்புறம்தான் அடுத்த கிண்ணத்தைப் பார்த்தது. அந்த 61 ஆண்டுகளுக்குள்ளேதான் 1961, 1962, 1963 என்று சிலாங்கூர் தொடர்ந்து மூன்று முறை வென்றது. அப்போது அவர்களுடைய முன்வரிசையில் யார் ஆடினார்? ரந்தாவ் ஆள்.

கிண்ணங்களைக் கேட்கவில்லை. அவற்றை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அந்தக் காலத்தில் சம்பளத்துக்குக் காற்பந்து ஆடியவர்கள் இல்லை. பாதித் தொழில்முறை லீக் 1989-இல்தான் வந்தது. முழுத் தொழில்முறை 1994-இல். அதற்கு முன்னால் ஆட்டக்காரனுக்குப் பகலில் ஒரு வேலை வேண்டும். வேலை எங்கே இருந்தது? கோலாலம்பூரில். இலாகாக்கள், வங்கிகள், பெரிய அரங்கம், தேர்வுக்குழுவின் கண்கள் எல்லாம் அங்கேதான். சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். திறமை உள்ளவன் பஸ் ஏறிவிடுவான். ஏறியவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐம்பது வருடம் கழித்து, "உங்க மாநிலத்துல யாருமே பெரிசா இல்லையே" என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பது நியாயமில்லை. எங்கள் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டு, 'உங்கள் வீட்டில் சமைக்கவே தெரியாதா' என்று கேட்பது போல இருக்கிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் இளைஞர்கள். இவர்களுக்குச் சிலாங்கூரும் தெரியாது, நெகிரியும் தெரியாது. "அங்கிள், வீடியோ இருக்கா?" என்பார்கள். வீடியோ இல்லாதவன் ஆடவே இல்லை என்று முடிவு கட்டியவர்கள். 2016-இல் 'ஓலா போலா' வந்ததிலிருந்து இது இன்னும் மோசம். நல்ல படம்தான், நானும் இரண்டு முறை பார்த்தேன், கண் கலங்கினேன். ஆனால் அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு மலேசியக் காற்பந்து 1980-இல் தொடங்குகிறது.

வீடியோக் கூட்டத்தின் அடுத்த கேள்வி: "அந்தக் காலத்துல எதிரணியெல்லாம் வீக்குதானே?" இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். மலாயா 1958, 1959 இரண்டு ஆண்டுகளும் மெர்டேக்கா கிண்ணத்தை வென்றது. 1960-இல் தென் கொரியாவோடு பகிர்ந்துகொண்டது. அந்தத் தென் கொரியா யார்? 1956-இலும் 1960-இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணி. ஆசியாவின் முதல் அணியோடு சமமாக நின்று கிண்ணத்தில் பாதியை வாங்கியவர்கள் நம்மவர்கள். 1961-இல் ரங்கூனில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் தங்கம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்த ஜகார்த்தாவில் தங்கம் வாங்கியது இந்தியா, வெள்ளி வாங்கியது கொரியா. அன்றைய ஆசியக் காற்பந்தில் இவையெல்லாம் பெரிய அணிகள். கானி இந்த அணிகளுக்கு எதிராகத்தான் கோல் அடித்துப் பெயர் வாங்கினார். வீக்காம். இன்றைக்கு நம் தேசிய அணி கொரியாவோடு ஆடினால் ஒரு சமநிலைக்கே பட்டாசு வெடிப்போம். அன்றைக்கு அது ஆகஸ்டு மாதத்து வழக்கமாக இருந்தது.

அதற்காக மொக்தாரைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. 142 அனைத்துலக ஆட்டங்களில் 89 கோல். 1975-இல் ஆர்சனலுக்கு எதிராகச் சிலாங்கூர் 2-0 என்று வென்றபோது இரண்டுமே அவர் கால். 1978-இல் மெர்டேக்கா அரங்கில் இங்கிலாந்து பி அணிக்கு எதிராகத் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போய் அடித்த கோலைப் பற்றி, நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் எழுந்து நின்றுதான் பேசுகிறார்கள். 37 வயதில், 1991-இல், தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோயில் போய்விட்டார். அவரோடு யாரையும் ஒப்பிடுவதே பாவம் என்று ஒரு மனநிலை அப்போதிருந்தே வந்துவிட்டது. எனக்கு அந்த மனநிலை புரிகிறது. ஆனால் நான் மலேசியாவின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்கவே இல்லையே. என் மாநிலத்தின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் அதற்கும் மொக்தார் பெயரைக் கொண்டுவந்து வாயை அடைத்தால் எப்படி?

இப்போது நம்மவர்கள் பக்கம் வருகிறேன். இந்தப் பகுதி சிலருக்குப் பிடிக்காது.

தமிழர்கள் காற்பந்துப் பட்டியல் போட்டால் எப்படிப் போடுவோம் என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். பிறகு 1972 மூனிக் ஒலிம்பிக் அணியின் தலைவர் சந்திரன். பிறகு 2010-இல் சுசுகி கிண்ணத்தை வாங்கித் தந்த பயிற்றுநர் ராஜகோபால். அதற்கப்புறம் 'நம்மாளுங்கள எடுக்க மாட்டேங்கிறானுங்க' என்ற பெருமூச்சு. இந்தப் பெருமூச்சில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கானி மின்ஹாட்டைப் பற்றிப் பேசினால், "அவர் நம்மாளு இல்லையே" என்று எழுந்து போகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சூடு ஏறுகிறது. என் அப்பா ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். மெர்டேக்கா ஆட்டங்களை கிராணி வீட்டு ரேடியோவில், ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர். அவருக்குக் கானி 'நம்ம ஊரு ஆளு'. சாதி, மதம், மொழி எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு தார் ரோடுதான் இருந்தது. அப்பாவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போனதற்குப் படிப்பு அதிகமானது காரணமா என்னவோ.

மாநிலம் என்பதை இனக் கணக்குக்கு வெளியே ஒரு சொந்தமாக நினைக்கிற வாய்ப்பு இந்த நாட்டில் நமக்குக் கிடைத்தது காற்பந்தில்தான். சிவப்பு மஞ்சள் ஜெர்சி போட்டவன் யாராக இருந்தாலும் எழுந்து கத்தலாம். 2011 இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரெங்கானு முதலில் கோல் அடித்துவிட்டது. எங்களுக்குச் சமன் செய்தவர் எஸ். குணாளன். வெற்றி கோல் அடித்தவர் ஹைருடின் ஓமார். குணாளன் அடித்தபோது என் பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டார். ஹைருடின் அடித்தபோது நான் அவரைக் கட்டிக்கொண்டேன். ஹைருடின் திரெங்கானுவில் பிறந்தவர். தன் சொந்த மாநிலத்துக்கு எதிராகத்தான் அந்தக் கோலை அடித்தார்.

உடனே மச்சான் பாய்ந்தார். "பாத்தியா, அப்ப ஹைருடின் உங்காளுதானே? ஜெர்சிதானே கணக்கு?" இல்லை மச்சான். ஹைருடின் எங்களுக்காக ஆடினார், நன்றி. அவர் எங்கள் கிண்ணத்தின் வரலாற்றில் இருப்பார். ஆனால் நெகிரி செம்பிலானின் சிறந்த ஆட்டக்காரர் என்று நான் அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். திரெங்கானுக்காரர்களிடமிருந்து அவரைப் பிடுங்க மாட்டேன். எனக்குச் செய்யப்பட்டதை நான் அவர்களுக்குச் செய்யக்கூடாது இல்லையா.

என் கண்ணால் நேரில் பார்த்த மிகச் சிறந்த முன்னணி ஆட்டக்காரன் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன். லாரி ஓட்டுநர் மகன். இடது காலில் பந்து ஒட்டிக்கொண்டிருக்கும். தோட்டங்களுக்கிடையிலான ஆட்டங்களில் அவனைப் பிடிக்க இரண்டு பேரைப் போடுவார்கள், இரண்டு பேரும் விழுந்து கிடப்பார்கள். மாநில இளையோர் தேர்வுக்கு அவன் போகவே இல்லை. தேர்வு நடந்த செய்தி எங்கள் திடலுக்கு வந்து சேர்ந்தபோது தேர்வு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. பிறகு அவனும் பால் வெட்டினான், பிறகு ஒரு தொழிற்சாலைக்குப் போனான். அந்தத் திடல் இப்போது வீடமைப்புப் பகுதி. புத்ராஜெயா பெராங் புசார் தோட்டத்தின் மேல் எழுந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த அளவு பெரிய பெயர் இல்லாத எத்தனையோ திடல்கள் எங்கள் பக்கமும் அப்படியே போயின. இவனை நான் எந்தப் பட்டியலிலும் சேர்க்கச் சொல்லவில்லை. பெரிய ஆட்டம் ஆடாதவனைப் பெரிய ஆட்டக்காரன் என்று சொல்ல முடியாது. ஆனால் "நெகிரியில ஆளே இல்ல" என்று யாராவது சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கானி இல்லை, இவன்தான். ஆள் இருந்தான். பஸ் ஏறியவன் சிலாங்கூர் கணக்கில் போனான், ஏறாதவன் எந்தக் கணக்கிலும் இல்லை.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டதா? பிடுங்குகிற கை மாறியிருக்கிறது. 2014 முதல் லீக் பட்டம் ஆண்டுதோறும் ஜொகூர் டாருல் தக்ஸிமுக்குத்தான் போகிறது. எங்கள் குணாளனும் பிறகு அங்கே போய், வலது தற்காப்பில் ஆடினார். சிரம்பான் பையன்களான சக்குவான் அட்ஹா, அய்டில் சஃபுவான் இரட்டையர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அய்டிலும் ஜொகூர் போனவர்தான். சிலாங்கூர் ரசிகர்கள் இப்போது ஜொகூரைப் பார்த்து, "காசு வெச்சு எல்லாரையும் அள்ளிட்டுப் போறான்" என்று புலம்புகிறார்கள். மச்சான் போன வாரம்கூடப் புலம்பினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தே தாரிக்கை இன்னொரு வாய் குடித்தேன்.

சரி, பட்டியலைச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். நெகிரி செம்பிலானின் முதல் இடம் கானி மின்ஹாட், 1935–2012, ரந்தாவ். அவர் பெயருக்குப் பக்கத்தில் 'சிலாங்கூர்' என்று எழுதுகிறவர்கள், ஒரு காற்புள்ளி போட்டு 'பிறப்பு: நெகிரி செம்பிலான்' என்றாவது எழுதட்டும், அதற்கு மை அதிகம் செலவாகாது. இரண்டாவது இடத்தில் சக்குவான் அட்ஹா. 61 ஆண்டு காத்திருப்பை முடித்த அணியில் ஆடியவர், பாரோய் அரங்கம் தன் பையன் என்று கூப்பிட்டவர். மூன்றாவது இடத்துக்குக் குணாளனைச் சொல்வேன். அவரைத் தாக்குதல் ஆட்டக்காரர் கணக்கில் சேர்க்கலாமா, தற்காப்பில் சேர்க்கலாமா என்று மச்சான் இப்போதே வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிட்டார். 2011-இல் அடித்த அந்த ஒரு கோலுக்காகவே நான் முன்வரிசையில்தான் சேர்ப்பேன்.