வாயுத் தொல்லை என்று கடந்துவிடலாமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு 32 வயது ஆசிரியை ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். இரண்டு கவளம் உண்பதற்குள் வயிறு நிறைந்துவிடுகிறது, மேல்வயிற்றில் லேசான வலி இருக்கிறது என்றார். காலை உணவைத் தவிர்க்கும் வழக்கமுடையவர். வாயுத் தொல்லை என்று கருதி, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். வலி தணிந்தது. அதன் பிறகு அவரே மருந்துக் கடையில் அதை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். ஏழு மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தபோது உடல் எடை 8 கிலோ குறைந்திருந்தது. எண்டோஸ்கோப்பி பரிசோதனையில் இரைப்பைப் புற்றுநோய் எனத் தெரிந்தது. வயிற்றின் உட்சவ்வுக்கும் அது பரவியிருந்தது.

அவருக்கு 62 வயதாகியிருந்தால், முதல் நாளே எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பியிருப்பேன்.

2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 9.68 லட்சம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 6.6 லட்சம் பேர் உயிரிழந்தனர். இவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். குளிர்சாதனப் பெட்டியின் வரவால் உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு குறைந்ததும், கிருமித் தொற்று குறைந்ததும் பல நாடுகளில் இந்நோயைக் கட்டுப்படுத்தியுள்ளன. ஆனால், அமெரிக்காவில் 60 வயதுக்குட்பட்டவர்களிடம் இது அதிகரித்து வருவதை மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019-இல் சுட்டிக்காட்டினர்.

இளையோருக்கு வரும் இரைப்பைப் புற்றுநோயின் இயல்பே பெரும்பாலும் வேறு. 1965-இல் லாரென் என்ற பின்லாந்து மருத்துவர் இந்நோயை இரு வகையாகப் பிரித்தார். முதியவர்களிடம் கட்டியாகவோ புண்ணாகவோ வெளிப்படும் வகை ஒன்று. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிப் பரவும் வகை மற்றொன்று. இளம் வயதினரிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம் காணப்படுவது இரண்டாவது வகைதான். இது இரைப்பையின் உட்படலத்துக்கு அடியில் பரவி, சுவரைத் தோல்போல் விறைக்கச் செய்துவிடும். மேற்பரப்பில் எடுக்கும் திசுப் பரிசோதனையில்கூடச் சில நேரங்களில் சிக்காது. ஒரு சிறு பகுதியினருக்கு இது பரம்பரையாக வருகிறது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம், 1998-இல் நியூஸிலாந்தின் மாவோரி குடும்பங்களில் கண்டறியப்பட்டது.

இளைஞர்களைத் தாக்கும் புற்றுநோய் கொடியது, ஆகவே பிழைப்பது அரிது என்று மருத்துவர்களே சொல்வதுண்டு. இது முழு உண்மையன்று. நோயின் ஒரே கட்டத்தில் இருப்பவர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், இளையோர் முதியவர்களுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ உயிர்வாழ்கின்றனர். அவர்களைப் பின்தள்ளுவது, முற்றிய நிலையில் வந்து சேர்வதுதான்.

தென்கொரியாவில் 40 வயதைக் கடந்த அனைவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை செய்கிறார்கள். அங்கு இந்நோயாளிகளில் நான்கில் மூவர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். அந்த நாட்டிலேயே, நாற்பதைத் தொடாத நடிகை ஜாங் ஜின்-யங், நோய் தெரியவந்து ஏறத்தாழ ஓராண்டில், 2009 செப்டம்பரில் மறைந்தார்.

அதற்காக இளைஞர்கள் எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை. வயிற்றுவலியோடு வரும் இளைஞர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் இருக்கும். ஆனால் உடல் எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், தொடர் வாந்தி, கறுத்த மலம், குடும்பத்தில் இந்நோய் இருந்த வரலாறு ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் வயதைப் பார்க்கக் கூடாது. இளம்பெண்ணின் ரத்தசோகைக்கு மாதவிடாயை மட்டுமே காரணமாக்கி இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவதும் இதே பிழைதான்.

பாண்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் சட்டப்படி மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே விற்கப்பட வேண்டியவை. நடைமுறையில் மிட்டாய் வாங்குவதுபோல் வாங்கலாம். அவை புற்றுநோயை உண்டாக்குகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. வலியைத் தணித்து, சில நேரம் புற்றுப் புண்ணையே மேலோட்டமாக ஆறவைத்து, மாதங்களைக் களவாடிவிடுகின்றன.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைப் புற்றுநோய்க் காரணி என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அறிவித்தது. 2008 முதல் 2017 வரை பிறந்தவர்களில் 1.56 கோடிப் பேருக்கு வாழ்நாளில் இரைப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என்றும், அதில் 76 சதவீதத்துக்கு இக்கிருமியே காரணமாக இருக்கும் என்றும் அதே முகமை 2025-இல் கணித்தது. மலம் அல்லது மூச்சுப் பரிசோதனையில் இதைக் கண்டறியலாம். நம் நாட்டின் தொற்றா நோய்த் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களை மட்டுமே தேடுகிறது. நெடுநாள் வயிற்றுத் தொல்லையோடு வருவோருக்காவது இக்கிருமிப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யலாம்.

அந்த ஆசிரியை பதினோரு மாதங்கள் வாழ்ந்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 27 வயதான அவருடைய தம்பி நெஞ்செரிச்சல் என்று என்னிடம் வந்தார். மாத்திரை போதும் என்றார் அவர். அந்த வாரமே எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பினேன். புற்றுநோய் இல்லை, கிருமித் தொற்று இருந்தது. 14 நாள்கள் மருந்து சாப்பிட்டார்.