சேதுவைக் கடந்த அணில்

இராமபிரான் கடலில் அணை கட்டியபோது மணல் சுமந்து உதவிய அணிலின் கதையை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. அணிலின் முதுகிலுள்ள மூன்று கோடுகளுக்கு அக்கதை அழகியதொரு காரணமும் கற்பிக்கின்றது. யான் ஈண்டு எழுதப் புகுந்தது முதுகிற் கோடில்லாத வேறோர் அணிலைப் பற்றியது. சேதுவைக் கட்டிய புகழ் அதற்கில்லை. கடந்த பெருமை உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலே கூமாப்பட்டி என்றொரு சிற்றூர் உளது. 2025-ஆம் ஆண்டில் ஒரு சிறு காணொளியால் இவ்வூரின் பெயர் திடீரென நாடெங்கும் பரவியதையும், நீரைக் காண மக்கள் திரள் திரளாகப் புறப்பட்டதையும் நேயர்கள் மறந்திரார். அங்குள்ள பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரு மலையாறுகளை அணைகள் தேக்குகின்றன. (கேரளத்துப் பெரியாறு வேறு, பெயரொற்றுமை கண்டு மயங்கற்க.) நீரைக் காணச் சென்றோரில் எத்தனை பேர் தலையை நிமிர்த்தி மரங்களைப் பார்த்தனரோ, அறியேன். இம்மலையடிவாரத்து ஓடைக்கரைச் சோலைகளிலேதான் சாம்பல் நிற அணில் வாழ்கின்றது. தலையும் உடலும் ஓர் அடிக்குச் சற்று மிகும். வாலும் ஏறக்குறைய அவ்வளவே. மரத்துக்கு மரம் தாவிச் செல்லுவதே இதன் இயல்பு; தரையில் இறங்குதல் அரிது. இதன் பொருட்டு 1988-இல் ஒரு சரணாலயம் ஏற்பட்டது. அது 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று.

இவ்வணிலை 1769-இல் உலகுக்கு முதன்முதல் விவரித்தவர் வேல்ஸ் நாட்டினரான தாமஸ் பென்னன்ட் என்பார். அவர் விவரித்ததோ இலங்கை அணிலை. தென்னிந்தியாவின் சில ஆற்றோரக் காடுகளும் இலங்கையுமன்றி உலகில் வேறெங்கும் இப்பிராணி இல்லை. இடையிலோ கடல். நீந்தவும் பறக்கவும் அறியாத ஒரு மரவாழ் பிராணி இரு கரையிலும் எவ்வாறு வந்தது?

இவ்வாறு வினவியவுடன் நம் மாணவர் சிலர், "குமரிக் கண்டம்!" என்று விடை பகர்வர். இதைப் பற்றிச் சற்று வெளிப்படையாகப் பேசுதல் நலம். மடகாஸ்கர் தீவில் லெமூர் என்னும் பிராணிகள் உள. அவற்றுக்கு உறவான தேவாங்கு நம் நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. இவ்வுறவுக்குக் காரணம் காட்ட வேண்டி, 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேயர், கடலுள் மறைந்த ஒரு நிலப்பரப்பை அனுமானித்து, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அக்காலத்தில் அது அறிவுடைய அனுமானமே. ஆனால் கண்டங்களே இடம் பெயருகின்றன என்று 1912-இல் ஆல்பிரட் வேகனர் கூறியதும், அரை நூற்றாண்டு கழித்து அது நிலைநாட்டப் பெற்றதும், லெமூரியாவின் தேவை ஒழிந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகட்கு முன். அப்பொழுது லெமூரும் இல்லை, தேவாங்கும் இல்லை, தமிழரும் இல்லை. நம் பழைய நூல்கள் கூறும் கடல்கோளை ஸ்கிளேட்டருடைய கண்டத்தோடு பிணைத்தது பிற்காலத்தார் செய்த வேலை. இல்லாத கண்டத்தைப் பற்றி நாம் எழுதித் தள்ளிய ஏடுகள் ஏராளம். நம் கண்ணெதிரே, பாம்பனுக்கு அப்பால், மெய்யாகவே மூழ்கிக் கிடக்கும் நிலத்தைப் பற்றி எழுதியவை மிகச் சில. இது என் மனத்தை நெடுநாள் உறுத்தி வருகின்றது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டரே. அங்குள்ள மணல் திட்டுகளுக்கிடையே சில இடங்களில் ஆளளவு நீரும் இராது. அதன் வடபாலுள்ள பாக் வளைகுடாவும் பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்ட ஆழமுடையதே. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன் வடதேசங்களில் நீர் பனிப்பாறையாய் உறைந்து நின்றபோது, உலகெங்கும் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. 15 மீட்டர் எங்கே, 120 மீட்டர் எங்கே! அன்று இராமநாதபுரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருக்கலாம், வண்டி இருந்திருக்குமேல். பனி உருகிக் கடல் மீண்டும் ஏறி அந்நிலத்தை மூடியது இற்றைக்கு 7,000 முதல் 10,000 ஆண்டுகட்கு முன்னராகும். இஃது ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று. பனியூழிகள் வந்து போகுந்தோறும் பாலம் எழுந்தும் மூழ்கியும் வந்துளது.

யானை, சிறுத்தை, கரடி ஆகியவை இரு கரையிலும் உள. புலியோ இன்று இலங்கையில் இல்லை. ஆயினும் குருவிட்டைப் பக்கத்துக் குகையில் புலியின் எச்சம் கிடைத்திருத்தலால், அதுவும் ஒருகால் கடந்து சென்று பின் அழிந்ததென அறிகின்றோம். ஆனால் இதற்கு ஒரு மறுதலையும் உண்டு. 2004-இல் பாசூய்ட் முதலியோர், மேற்கு மலைத்தொடரிலும் இலங்கையிலும் உள்ள தவளை, நன்னீர் நண்டு, மண்ணுள் வாழும் பாம்பு முதலியவற்றின் பரம்பரையை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பாலம் பலமுறை இருந்தும் இவற்றுட் பல கடக்கவேயில்லை. தனித்தனிக் குலங்களாகவே இரு பாலும் பெருகியுள்ளன எனக் கண்டனர். காரணம் யாதாகலாம்? ஈரக் காட்டின் நிழலில் பிறந்த தவளைக்கு வறண்ட வெளி கடலையொத்த தடையே. நிலம் இருந்தால் மட்டும் போதாது. செல்வோருக்கு ஏற்ற நிலமாகவும் இருத்தல் வேண்டும்.

இக்கருத்தைக் கொண்டு நம் அணிலை நோக்குக. தரையில் இறங்க அஞ்சும் இப்பிராணி வெறும் முட்காட்டைக் கடந்திருக்குமென நம்புதல் அரிது. மிதக்கும் மரமேறிச் சென்றிருக்கலாகாதோ எனின், ஆகாதென்று சொல்லமாட்டேன். எனினும் தரைவழி திறந்திருக்கையில் கடல்வழியைத் தேடுவானேன்? இன்று மூழ்கிக் கிடக்கும் அச்சமவெளியில் ஆறுகள் ஓடியிருக்க வேண்டும். அவற்றின் கரைகளில் மரங்கள் கிளையொடு கிளை பிணைந்து நின்றிருக்க வேண்டும். அம்மரநிரையே இவ்வணிலுக்குச் சேதுவாயிற்று என்பது என் துணிபு.

அத்தகைய சேது கூமாப்பட்டி அடிவாரத்தில் இன்றும் நிற்கின்றது. ஆயின் துண்டு துண்டாக. மலையின் மேற்பகுதி காப்பகத்துக்குள் உளது. ஓடைகள் சமவெளியில் இறங்கும் இடத்திலோ மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சாலையும் குறுக்கிடுகின்றன. இவ்வணிலை ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் ஆராய்ந்த ஜஸ்டஸ் ஜோஷுவாவும், சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ. ஜே. டி. ஜான்சிங்கும், மக்களின் இடையூற்றால் அதன் உறைவிடத்துக்கு நேரும் கேட்டை 1994-இலேயே எடுத்துரைத்தனர். பெரும் விலங்குகளின் நிலையும் இஃதே. தெற்கே ஆரியங்காவுக் கணவாயில் 1904 முதல் ரயில் ஓடுகின்றது. இன்று அதனோடு நெடுஞ்சாலையின் நெரிசலும் சேர, அகத்தியமலைக் காட்டுக்கும் பெரியாற்றுக் காட்டுக்கும் இடையே யானைகள் சென்ற வழி அடைபட்டுளது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: ஓடைக்கரையில் நிற்கும் மருதையும் புளியையும் நாவலையும் தனித்தனி மரமாக எண்ணி விலைபேசும் வழக்கம் ஒழிய வேண்டும். அணிலின் பாதையிலுள்ள மரம் புறம்போக்கில் நின்றாலும் பட்டா நிலத்தில் நின்றாலும் பாலத்தின் ஒரு கண்ணாகவே கணக்கிடப்படல் வேண்டும். "மாங்காயைக் கடித்துப் போடும் அணிலுக்காக நான் என் மரத்தை விற்காதிருப்பதா?" எனத் தோட்டக்காரர் கேட்பர். கேட்பது நியாயமே. நட்டத்தை அவர் தலையிலேயே சுமத்திவிட்டு நாம் நகரத்திலிருந்து ஜீவகாருணியம் பேசுதல் தகாது. அம்மரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை அரசினர் அவருக்கு அளிப்பதே முறை. சாலைக்கு மேலே கயிறு கட்டிவிட்டால் போதுமென்பாரும் உளர். மரத்தை வெட்டிவிட்டுக் கயிறு கட்டுதல், காலை வாங்கிக்கொண்டு கோலைக் கொடுத்தது போலாம்.

இயற்கை நூல் பயிலும் நம் மாணவருக்கு இதில் ஒரு வேலை காத்திருக்கின்றது. கோடை விடுமுறையில் பத்துப் பேர் கூடி, காப்பகத்தின் எல்லைக்கு வெளியே, ஓடைகள் வயல்வெளியை அடையும் வரை இரு கரையும் நடந்து, எங்கெங்கே கிளைகள் கூடுகின்றன, எங்கெங்கே விலகி நிற்கின்றன, இடைவெளி எத்தனை முழம், அது யாருடைய நிலம் என்று ஒரு படம் வரைந்து வருவாராயின், மழை தொடங்குமுன் எவ்வெவ்விடத்தில் கன்று நடவேண்டும் என்பது அப்படத்திலேயே தெரிந்துவிடும்.