வாளிக்கு எஃபிஷியன்சி என்ன?

2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று பி.டபிள்யூ. மேப்பிள், எரிவாயுக் கப்பல். இன்னொன்று டான் காஞ்சிபுரம், எண்ணெய்க் கப்பல். எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை என்றுதான் முதல் செய்தி வந்தது. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர் கடற்கரைப் பாறைகள் தார் ஊற்றியது மாதிரி ஆகிவிட்டன. அப்புறம் வந்த படங்களை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மீனவர்கள், கடலோரக் காவல்படையினர், தன்னார்வலர்கள், நம்மைப் போன்ற காலேஜ் பசங்க எல்லாரும் வரிசையில் நின்று பிளாஸ்டிக் வாளியில் எண்ணெயை மொண்டு மொண்டு கை மாற்றினார்கள். ராக்கெட் விடுற நாட்டுல வாளியா என்று மீம்ஸ் பறந்தது. சிரித்தோம், ஷேர் பண்ணினோம், மறந்தோம்.

ஆறு வருஷம் கழித்து, 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். சென்னையில் பல இடங்களில் இரண்டே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. மணலி பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் அலையாத்திச் செடிகளின் வேரெல்லாம் எண்ணெய். இறகு ஒட்டிப்போய் பறக்க முடியாத கூழைக்கடாக்கள். கடலோரக் காவல்படை மேலிருந்து பார்த்தபோது சுமார் 20 சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய் பரவியிருந்தது. அதை எடுக்க முதலில் இறங்கியது யார்? காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள். அவர்கள் கையில் இருந்தது என்ன? அதே வாளி. சில படங்களில் சொம்பு, மக்.

நான் இங்கே கேட்க வருவது ஒரு இன்ஜினியரிங் கேள்வி. மத்த கேள்விகளைக் கேட்க ஆள் இருக்காங்க.

அந்த வாளிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி மணலியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இன்றைய சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், அதாவது சி.பி.சி.எல். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். 1969இல் ஆலை ஓட ஆரம்பித்தபோது ஆண்டுக்கு 25 லட்சம் டன். இப்போது 1 கோடியே 5 லட்சம் டன். துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியாக இங்கே வருகிறது. அதிலிருந்து உப்பை எடுத்து, 350 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, கோபுரத்தில் தட்டுத் தட்டாகப் பிரிக்கிறார்கள். மிஞ்சியதை வெற்றிடத்தில் இன்னொரு முறை பிரிக்கிறார்கள். அதில் பிரிந்து வரும் கனமான எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் உடைக்கிறார்கள். டீசலில் இருக்கும் கந்தகத்தைப் பத்து பி.பி.எம்.முக்குக் கீழே கொண்டுவருகிறார்கள். பத்து லட்சத்தில் பத்து பங்கு! கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களைக் கேளுங்கள், இது எவ்வளவு பெரிய வித்தை என்று சொல்வார்கள்.

ஆக, மதில் சுவருக்கு உள்ளே பத்து லட்சத்தில் பத்து பங்கு வரை கணக்குத் தெரியும். சுவருக்கு வெளியே அதே எண்ணெய் வந்தால் வாளி. இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது?

தெர்மோடைனமிக்ஸ் முதல் வகுப்பில் எல்லாரும் செய்வோமே, ஒரு டாட்டட் லைன் போட்டு கன்ட்ரோல் வால்யூம் என்று எழுதுவது. உள்ளே வருவது, வெளியே போவது, இரண்டையும் எழுதினால் கணக்கு முடிந்தது. வெளியே போனது எங்கே போனது என்று எந்த செமஸ்டரிலும் கேட்டதில்லை. அம்புக்குறி போட்டு 'சரவுண்டிங்ஸ்' என்று எழுதினால் மார்க் வந்துவிடும். எண்ணூர் அந்த 'சரவுண்டிங்ஸ்'. அங்கே இறாலும் நண்டும் இருக்கின்றன, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் ஜனங்கள் இருக்கிறார்கள். அந்தக் கோடு தானாக வந்ததில்லை. யாரோ ஒரு இன்ஜினியர், யாரோ ஒரு மேனேஜர், யாரோ ஒரு அதிகாரி சேர்ந்து போட்டது. ஏன் அங்கே போட்டார்கள் என்பதற்கு பதில் லாப நஷ்டக் கணக்கில் இருக்கிறது.

ரிஃபைனரி வியாபாரம் ஒரு வினோதமான வியாபாரம். வாங்கும் விலை உங்கள் கையில் இல்லை. நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. விற்கும் விலையும் பெரும்பாலும் உலகச் சந்தையோடு ஏறி இறங்கும். நடுவில் ஒரு பீப்பாய்க்குக் கிடைக்கும் சில டாலர் வித்தியாசம்தான் மொத்தப் பிழைப்பும். 2019-20இல் இதே நிறுவனத்துக்கு 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். 2022-23இல், உக்ரைன் போருக்குப் பிறகு, 3,500 கோடிக்கு மேல் லாபம். இப்படி ஊஞ்சலாடும் தொழிலில் இருப்பவர், தன் கணக்குப் புத்தகத்தில் வராத எதற்கும் தானாகச் செலவு செய்ய மாட்டார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. புத்தகத்தில் அந்த வரி இல்லை, அவ்வளவுதான்.

மீனவரின் கணக்கைப் பாருங்கள். எண்ணெய் பட்ட வலையைக் கழுவிப் போட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். படகைச் சுரண்ட வேண்டும். கையில் காலில் அரிப்பு. இதையெல்லாம் தாண்டி நாலு கிலோ மீன் பிடித்தாலும் எண்ணூர் மீன் என்றதும் வாங்குபவர் நகர்ந்துபோவார். ஆற்றில் எண்ணெய் வடிந்த பிறகும் சேற்றுக்குள் போனது சீக்கிரம் போகாது. நண்டு இருப்பது சேற்றில்தான். இவ்வளவுக்கும் 2023இல் அரசு அறிவித்த நிவாரணம், பாதிக்கப்பட்ட ஒரு மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். உங்களில் பலர் கையில் இருக்கும் போனின் விலை இதைவிட அதிகம்.

இங்கே வழக்கமாக ஒரு குரல் வரும். "அண்ணா, பெட்ரோல் இல்லாம நீ மட்டும் நடந்தா வர்ற?" நியாயமான கேள்விதான். மணலியிலிருந்து வருவது பெட்ரோல், டீசல் மட்டுமா? கேஸ் சிலிண்டர், விமான எரிபொருள், மெழுகுவர்த்தியிலும் தீக்குச்சியிலும் சேரும் மெழுகு, பக்கத்து ஆலைகளில் சோப்புத்தூளுக்கான மூலப்பொருளாக மாறும் சரக்கு என்று பட்டியல் நீளும். அந்தத் தொடரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாப்பிடுகின்றன. 'ஆலையை மூடு' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நான் போகப்போவதில்லை. ஆனால் பெட்ரோல் போடும் நான் அதற்கான விலையைக் கொடுத்துவிட்டுத்தான் போடுகிறேன். அந்த விலையில் ஒரு பகுதியை முகத்துவாரக்குப்பத்து வலை ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கேள்வியில் பதில் இல்லை.

இரண்டாவது குரல் இன்னும் டெக்னிக்கலாக வரும். "அது புயல் ப்ரோ, யார் என்ன பண்ண முடியும்?" இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

எந்த ரிஃபைனரியிலும் தரையில் எண்ணெய் சிந்தாமல் இருக்காது. மழைநீர் அதை வழித்துக்கொண்டு வடிகாலுக்கு வரும். வெளியே விடும் முன்பு ஒரு நீளமான தொட்டியில் மெதுவாக ஓடவிடுவார்கள். எண்ணெய் மேலே மிதக்கும், வழித்து எடுப்பார்கள். ஸ்டோக்ஸ் விதி, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்ததுதான். எண்ணெய்த் துளி மேலே வர நேரம் வேண்டும். தண்ணீர் வேகமாக வந்தால் அந்த நேரம் கிடைக்காது, துளி அப்படியே வெளியே போய்விடும். அதனால் அந்தத் தொட்டியை, அதற்கு முன்னால் வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் குளத்தை, எவ்வளவு மழைக்கு டிசைன் செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எந்தக் குழாயும் உடையவில்லை, வெள்ளத்தோடு போனதுதான் என்பது 2023இல் நிறுவனம் தந்த விளக்கம். வளாகத்துக்குள் மழைநீர் மேலாண்மை போதாததால்தான் தேங்கிய எண்ணெய் கால்வாய்க்குப் போனது என்றது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. எட்டு வருஷம் கழித்துப் பெரிய மழை வந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால், சிவில் டிபார்ட்மென்ட்டில் செகண்ட் இயர் படிப்பவர்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்.

வாளிக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் மிதக்கும் எண்ணெயைச் சுற்றி வளைக்க 'பூம்' என்ற மிதக்கும் வேலி உண்டு. வழித்தெடுக்க 'ஸ்கிம்மர்' உண்டு. ஆனால் ஓட்டம் நொடிக்குச் சுமார் 35 செ.மீ.ஐத் தாண்டினால் எண்ணெய் வேலிக்கு அடியில் நுழைந்து போய்விடும். அலையில் கலங்கக் கலங்க எண்ணெய் தண்ணீரைக் குடித்து, மூன்று நான்கு மடங்கு பருத்து, அல்வா பதத்துக்கு வந்துவிடும். அப்புறம் பம்பு இழுக்காது, குழாய் அடைத்துக்கொள்ளும். 2017இல் கழிவுநீர் உறிஞ்சும் லாரிகள் திணறியது இதனால்தான். வாளி வந்ததும் இதனால்தான். அதாவது மெஷினுக்கு இருப்பது முதல் சில மணி நேரம். அந்த நேரத்துக்குள் வேலி போட வேண்டுமென்றால் வேலியும் ஸ்கிம்மரும் பழகிய ஆட்களும் ஆற்றங்கரையிலேயே தயாராக இருக்க வேண்டும். விபத்து நடக்காத வருஷமெல்லாம் அது தண்டச் செலவாகத் தெரியும். வாளியின் விலை நூறு இருநூறு ரூபாய். மொள்ளும் கைக்குக் கணக்கில் விலையே கிடையாது. எஃபிஷியன்சியைப் பணத்தில் அளந்தால் வாளிதான் பெஸ்ட்!

அப்படியானால் இது மாறவே மாறாதா? மாறியிருக்கிறது, வேறு இடத்தில். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி சுமார் 37,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அடுத்த வருஷமே அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. கொட்டியவர்தான் சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும்; இனி வரும் எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை அடிச்சுவர் வேண்டும். ஒற்றைச் சுவர்க் கப்பல்கள் படிப்படியாக ஓய்வுபெற்றன, மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. 1970களில் உலகம் முழுக்க ஏழு டன்னுக்கு மேல் கொட்டிய கப்பல் விபத்துகள் ஆண்டுக்குச் சராசரியாக 79 அளவில் இருந்தன. 2010களில் அது ஆறு, ஏழு. விபத்துன்னா நடக்கத்தான் செய்யும் என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களைக் காட்டுங்கள். செலவு கணக்குப் புத்தகத்துக்குள் வந்ததும் இன்ஜினியரிங்கும் பின்னாலேயே வந்துவிட்டது. நம் டீசலில் கந்தகம் 50இலிருந்து 10 பி.பி.எம். ஆனதும் அப்படித்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 கட்டாயம் என்று அரசு தேதி குறித்தது, ரிஃபைனரிகள் கோடி கோடியாகச் செலவு செய்து முடித்துக் காட்டின.

மாசுபடுத்துபவரே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டில் இல்லாமலில்லை. வேலூர் பக்கத்துத் தோல் ஆலைகள் வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் அதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொல்லிவிட்டது. நம்ம ஊர் வழக்கு! ஆனால் அது எண்ணெய் கொட்டிய பிறகு, கமிட்டி அமைத்து, அறிக்கை வந்து, வாதம் நடந்து கட்டும் பணம். டிசைன் டேபிளில் உட்கார்ந்திருப்பவரின் ஸ்பிரெட்ஷீட்டுக்கு அது எட்டுவதில்லை. கால்வாயில் சேரும் கடைசி மதகில் எண்ணெய் அளவைத் தொடர்ந்து அளந்து, அந்த எண்ணை எல்லாரும் பார்க்கும்படி போடட்டும். கந்தகத்துக்கு ஒரு எண் இருப்பது மாதிரி மதகுக்கும் ஒரு எண் கட்டாயமாகட்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம், நாகப்பட்டினம் பனங்குடியில் இருந்த சிறிய ரிஃபைனரியின் இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனில் புதிய ஆலைக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. 2004 சுனாமியும் 2018 கஜாவும் பார்த்த மாவட்டம் அது. காவிரித் தண்ணீர் கடலில் சேரும் தாழ்ந்த நிலம். அங்கே கோடு எங்கே விழப்போகிறது என்பது கான்கிரீட் போடும் முன்பே பேச வேண்டிய விஷயம். கேட் எழுதி எண்ணெய் நிறுவனங்களுக்குப் போகும் நம் சீனியர்கள், இன்னும் இரண்டு வருஷத்தில் உங்களில் சிலர், அந்த டிராயிங்கில் கையெழுத்து போடும் இடத்தில் இருப்பீர்கள்.

அதற்கு முன்னால் ஐ.வி. வரும். ஏதாவது ஒரு ரிஃபைனரியில் கன்ட்ரோல் ரூம் காட்டுவார்கள், கோபுரத்தைக் காட்டுவார்கள், ஹெல்மெட்டோடு குரூப் போட்டோ எடுப்பார்கள், லஞ்ச் நன்றாக இருக்கும். கிளம்பும் முன்பு, மழைத்தண்ணி கடைசியா வெளியே போற மதகு எங்கே சார், எத்தனை செ.மீ. மழைக்கு டிசைன் பண்ணியிருக்கீங்க, 2023க்கு அப்புறம் அந்த எண்ணை மாத்தினீங்களா என்று கேளுங்கள். பதிலை நம்ம மேகஸினுக்கு எழுதி அனுப்புங்கள்.