சோறு போடுகிறோம், வீடு கொடுக்க மாட்டோமா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அன்னதானம் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி சாப்பிட்டு முடித்துவிட்டு, வாளி தூக்கிக் கழுவக்கூட உதவி செய்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். கம்பெனி கொடுத்த ஹோட்டல் அறை மாசக் கடைசியோடு முடிகிறது. அடுத்த மாதம் மனைவியும் கைக்குழந்தையும் வருகிறார்கள். "அண்ணே, நான் எந்தப் பக்கம் வீடு பாக்கலாம்?" என்று கேட்டார்.

சுற்றி நம்ம ஆட்கள் ஐந்து பேர் இருந்தோம். ஒருவர் பத்து பெரிங்கி என்றார், கடற்கரை அழகாம். ஒருவர் கெர்னி டிரைவில் கொண்டோ எடு, வெள்ளைக்காரர்கள் இருக்கும் இடம், மரியாதையாக இருக்கும் என்றார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்க இருக்கிற பக்கம் மட்டும் போயிடாதீங்க தம்பி, பிரச்சினை" என்றார். நான்காவது ஆள் நான். கையில் சாம்பார் வாளி, வாயில் பதில் இல்லை.

ஐந்தாமவர் எதுவும் சொல்லவில்லை. அவருக்குப் பாயான் பாரு பக்கம் ஒரு அபார்ட்மென்ட் மூன்று மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. எனக்குத் தெரியும். தம்பி போனதும், "நம்ம வீடு காலியாத்தானேங்க இருக்கு?" என்று கேட்டேன். "ஊர்க்காரனுக்கெல்லாம் வீடு விட முடியாதுங்க. பட்டது போதும்" என்றார். நல்ல மனுஷன். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுப்பவர். பேர் சொல்ல மாட்டேன். சொல்லவும் தேவையில்லை, நம்மில் நிறைய பேர் அவரைப் போலத்தான் இருக்கிறோம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கடற்கரை யோசனைக்கு வருகிறேன். தொழிற்சாலைகள் தீவின் தென்கிழக்கில். பத்து பெரிங்கி வடக்குக் கரையில். நடுவில் ஜார்ஜ்டவுன் நெரிசல், அதைத் தாண்டினால் தஞ்சோங் பூங்கா வளைவுகள். காலை ஏழு மணி சிப்டுக்கு அந்தப் பையன் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? கார் இல்லாத மனைவி, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுவாள்? கடல் வந்து கதவைத் தட்டி உதவி செய்யுமா? வேலை பத்து காவானில் என்றால் இன்னும் மோசம். 2014-ல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். தினமும் போக வர அதைத் தாண்டுகிறவனுக்குத் தீவில் வீடு எதற்கு? பெருநிலத்திலேயே பார்க்கச் சொல்ல வேண்டும். 2019 ஜனவரி முதல் இரண்டு பாலத்திலும் மோட்டாருக்கு டோல் கிடையாதுதான். ஆனால் மழையில், காற்றில், இரவு சிப்ட் முடிந்த தூக்கக் கலக்கத்தில் பாலத்தில் மோட்டார் ஓட்டியவனுக்குத்தான் அதன் விலை தெரியும்.

இருபது வருஷத்துக்கு மேல் சூப்பர்வைசராக இருக்கிறேன். வேலை பிடிக்காமல் நின்றவனை விட, வீடு சரியில்லாமல் நின்றவனைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். தனியாக வந்தவன் தனியாகவே கிடந்தால் ஆறாவது மாதம் முகம் மாறிவிடும். சம்பளம் அதைச் சரி பண்ணாது.

அடுத்து அந்தத் தாழ்ந்த குரல் யோசனை. "நம்ம ஆளுங்க பக்கம் போகாதே." இதைச் சொன்னவர் யார்? நம்ம ஆள். சொன்ன இடம் எது? நம்ம கோவில். இதைவிட வெட்கம் வேறு வேண்டுமா?

நம்ம பக்கம் என்பது எப்படி உண்டானது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் படகோட்டியவர்களும் கப்பலுக்குப் பக்கத்திலேயே தங்கினார்கள். அவர்கள் நடுவில்தான் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் 1833-ல் கோவில் கொண்டாள். துணி வெளுத்தவர்கள் தண்ணீரைத் தேடி டோபிகாட் ஆற்றோரம் போனார்கள், அங்கே இராமர் கோவில் வந்தது. நகரத்தார்கள் பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி வைத்தார்கள். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, பகலில் கணக்கு, ராத்திரி அங்கேயே படுக்கை. இன்றைக்கும் தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் அந்தத் தெருவில் இருக்கும் கோவில் வீட்டிலிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது.

அவர்கள் யாரும் கடல் காற்றைப் பார்த்து இடம் தேடவில்லை. முதலில் பிழைப்பு. அடுத்தது, நம்ம பாஷை பேசுகிற நாலு பேர். அதற்கடுத்து கும்பிட ஒரு சாமி. வேலை, மனுஷர், கோவில். இந்த மூன்றும் நடக்கும் தூரத்தில் இருந்ததால்தான் அந்தச் சனம் தாக்குப்பிடித்தது.

அந்தத் தெருக்களில் இப்போது நம்மவர்கள் எத்தனை குடும்பம் இருக்கிறோம்? வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-ல் ரத்தானது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் பாதுகாப்பு முழுசாகப் போனது. காலங்காலமாகக் கொஞ்ச வாடகையில் இருந்த சீனர், தமிழர், எல்லோரும் பெட்டியைக் கட்டினார்கள். ஆயர் ஈத்தாம், ரெலாவ், சுங்கை டுவா, பாலம் தாண்டி பிறை, பட்டர்வொர்த் என்று சிதறினோம். 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டம் வந்தபோது கட்டடங்கள் இருந்தன, அதில் வாழ்ந்த ஆட்களில் பலர் இல்லை. கடைத்தெருவில் தீபாவளிக்குக் கூட்டம் நெரிகிறது. சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து பாருங்கள், நகருக்குள் இருக்கும் கோவில்களில் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்று. வீடு போனால் பின்னாலேயே கோவிலுக்கு ஆளும் போய்விடும். இதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அதனால்தான் புதிதாக வருகிற ஒரு குடும்பத்தை "நம்ம பக்கம் போகாதே" என்று அனுப்புவது எனக்குச் சாதாரணப் பேச்சாகத் தெரியவில்லை.

நம்மவர்கள் மட்டும் கூடிக் கும்மியடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரதம் வரும்போது ரோட்டில் குவித்து வைத்துத் தேங்காய் உடைக்கிறார்களே, அதில் சீனர்கள் எத்தனை பேர்! இதே குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எவ்வளவு தூரம்? கலந்து வாழ்ந்த ஊர் இது. கலந்து வாழலாம். ஆனால் கலப்பதற்கு முன்னால் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர்களே, உங்களைத்தான்.

வாடகை விளம்பரங்களில் "இந்தியர் வேண்டாம்" என்று பச்சையாகப் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும். அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு எல்லோரும் சமம் என்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுகிறது, தனி வீட்டுக்காரரைக் கட்டவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். அங்கே 1989 முதல் அரசாங்க அடுக்குமாடிகளில் எல்லா இனமும் கலந்து இருக்கக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியும் அறை வாடகைக்குப் போனால் தோலைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. போனில் பேசும்போது சரி என்பார்களாம், பேரைச் சொன்னதும் வீடு போய்விட்டது என்பார்களாம். பிள்ளை அழுதால் நமக்கு வயிறு எரிகிறது.

அப்போ "ஊர்க்காரனுக்கு விட மாட்டேன்" என்று நாம் சொல்வதற்குப் பேர் என்ன? அவன் அம்மாவுக்கு வயிறு எரியாதா?

எங்க தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கியவர். முதல் நாலு நாள் அஞ்சடியில் படுத்திருந்தாராம். அப்புறம் முன்பின் தெரியாத ஒருவர், ஊர் பேரைக் கேட்டுவிட்டு, தன் வீட்டில் பாய் விரிக்க இடம் கொடுத்தார். அந்த ஒரு பாயில்தான் எங்கள் குடும்பமே இந்த நாட்டில் தொடங்கியது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நாமும் ஊர்க்காரர்கள்தான், நமக்கு முந்தின கப்பல். அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். நாலு பேர் என்று சொல்லிப் பத்துப் பேர் தங்கினார்கள், கரண்டு பில் கட்டாமல் ஓடினார்கள், சமையலறைச் சுவரெல்லாம் எண்ணெய். நடந்திருக்கிறது. நானே ஒரு வீட்டைச் சுத்தம் பண்ணப் போயிருக்கிறேன். ஆனால் உள்ளூர்க்காரன் பில் கட்டாமல் ஓடியதே இல்லையா? ஓடினவன் ஒருத்தன். தண்டனை வருகிறவன் எல்லோருக்குமா?

லைனில் ஒரு பீஸ் பழுதாக வந்தால் லைனையே மூட மாட்டோம், எங்கே தப்பு என்று பார்த்துச் சரி செய்வோம். இதிலும் வழி இருக்கிறது. கம்பெனி நியமனக் கடிதம் கேளுங்கள். பாஸ்போர்ட், வேலை பாஸ் இரண்டையும் பார்த்து நகல் வையுங்கள். பாஸ் இல்லாதவரைத் தங்க வைத்தால் குடிநுழைவுச் சட்டத்தில் உங்கள் மேலும் வழக்கு வரும், அதனால் இது கட்டாயம். இரண்டு மாத முன்பணம், கரண்டு தண்ணீருக்குத் தனி முன்பணம், எத்தனை பேர் தங்கலாம் என்பது, எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத தாள் கோர்ட்டுக்குப் போனால் நிற்காது. இவ்வளவும் செய்துவிட்டு அப்புறமும் பயமா? அப்போ அது பயம் இல்லை, வேறே ஏதோ.

கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இன்ஜினியர் தம்பிக்காவது இடம் தேடும் வசதி இருக்கிறது. சாப்பாட்டுக் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் வேலைக்கு வருகிற பையனுக்கு அதுவும் இல்லை. முதலாளி காட்டுகிற இடம்தான் அவன் வீடு. தோட்டத்துத் தொழிலாளிக்காக 1990-ல் வந்த 446-ஆம் சட்டத்தை 2019-ல் திருத்தி, 2020 ஜூன் முதல் தங்குமிடம் கொடுக்கும் எல்லாத் துறைக்கும் விரித்துவிட்டார்கள். தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் இல்லாவிட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம். சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம். லயத்துக் கூரை ஒழுகி வளர்ந்த பரம்பரை நாம், அதை நினைத்துச் செய்யுங்கள். கடை மாடியில் எட்டுப் பேரை அடுக்கிவிட்டு இங்கே வந்து பால்குடம் எடுத்தால் முருகனுக்குக் கணக்குத் தெரியாதா?

வருகிற தம்பி தங்கச்சிகளுக்கும் சொல்கிறேன். வீட்டைப் போட்டோவில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். முதல் மாதம் அறை வாடகையில் இருங்கள். பார்க்கிற இடத்துக்குக் காலை ஆறரைக்கு ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். வேலைக்கு எவ்வளவு நேரம், கார் இல்லாமல் மளிகை வாங்க முடியுமா, கிளினிக் பக்கமா, அவசரத்துக்குக் கதவைத் தட்ட ஒரு வீடு உண்டா என்று கேளுங்கள். நீச்சல் குளத்தை அப்புறம் கேட்கலாம். இன்னொன்று. "உள்ளூர்த் தமிழன் ஒரு மாதிரி" என்று உங்களில் சிலர் பேசுவதும் எங்கள் காதில் விழுகிறது. அதையும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பேசிவிட்டுப் போகிற ஆளாக இருக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆலயத் தலைவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். இந்த வெள்ளிக்கிழமை முதல் அர்ச்சனைச் சீட்டு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். ஒரு பக்கம் காலி வீடும் அறையும் உள்ளவர்கள் எழுதலாம். மறு பக்கம் வீடு தேடுகிறவர்கள். கமிஷன் கிடையாது. ஒப்பந்தம் எழுத, பேப்பர் பார்க்க நான் கூட இருப்பேன்.

அந்தத் தம்பிக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. மாசம் முடிய பதினோரு நாள்தான் இருக்கிறது. அரிசி மூட்டை அண்ணே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். முதல் வரி உங்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறேன்.

வேலும் மயிலும் துணை.