குடத்தின் வழுவழுப்பும் மூன்றாவது குழாயும்

குடம் கழுவிப் பழகிய எவருக்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டால் குடம் சுத்தமாகிவிடாது. உள்ளே விரலை விட்டால் வழுவழுவென்றுதான் இருக்கும். என் தாயார் பித்தளைக் குடத்தைப் புளியிட்டும், பிளாஸ்டிக் குடத்தைத் தேங்காய் நார் கொண்டும் தேய்த்தே தீருவார். அந்த வழுவழுப்புக்கு உயிர்ப்படலம் என்று ஒரு பெயர் இருப்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் நான் அறிந்தேன்.

நம் செய்முறை வகுப்புகளில் நாம் வளர்ப்பதும் எண்ணுவதும் பெரும்பாலும் நீரில் மிதக்கும் பாக்டீரியாக்களையே. வெளியுலகிலோ அவை ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. 1683ஆம் ஆண்டில் லீவன்ஹூக் தம் பல்லிலிருந்து சுரண்டியெடுத்துப் பார்த்ததும் இத்தகைய படலத்தைத்தான்! ஆயினும் அறிஞர் உலகின் கவனத்தை இதன்பால் திருப்பியதில், 1978இல் காஸ்டர்டன் முதலியோர் எழுதிய கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு.

படலம் என்றாலே பகை என்று எண்ணிவிடலாகாது. நம் காவிரிப் பகுதியில் அசோஸ்பைரில்லம் பொட்டலத்தை நீரில் கரைத்து, நாற்றின் வேரை அதில் நனைத்து நடுவது உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் வகையில் மாற்றித் தரும் அந்தப் பாக்டீரியா, வேரில் ஒட்டிப் பெருகினால்தான் பயன். ஒட்டியதா, எவ்வளவு ஒட்டியது என்று கேட்பது வயல் நடுவே வாழும் நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

இதை அளக்கப் பெருஞ்செலவு ஆகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. 1982இல் கிறிஸ்டன்சன் குழுவினர் சோதனைக் குழாயில் பாக்டீரியாவை வளர்த்து, நீரைக் கொட்டிவிட்டு, சுவரில் ஒட்டியதற்குச் சாயமேற்றிக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டனர். 1985இல் அதையே சிறு குழிகள் கொண்ட தட்டில் செய்து ஒளியால் அளந்தனர். நமக்குச் சோதனைக் குழாயே போதும். கிராம் சாயமேற்றத்துக்கு வைத்திருக்கும் கிரிஸ்டல் வயலட் இருக்கிறது. ஒட்டிய சாயத்தை ஆல்கஹாலில் கரைத்துக் கலோரிமீட்டரில் வைத்தால் ஓர் எண் கிடைத்துவிடும். பாக்டீரியா இடாத குழாய் ஒன்றையும் உடன் வைத்து, அதன் அளவைக் கழிக்க வேண்டும். சாயம் உயிருள்ளது, இறந்தது, பசை என்று பிரித்தறியாது; ஆகவே கிடைக்கும் எண் படலத்தின் மொத்தத்தையே காட்டும். வேலை முடிந்ததும், கழுவிய நீர் உட்பட அனைத்தையும் ஆட்டோகிளேவில் வைத்த பின்னரே கொட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நானும் குடத்து நீரைக் கொண்டு மூன்று குழாய்களில் வளர்த்துப் பார்த்தேன். இரண்டு ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. மூன்றாவது பாதிகூட இல்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: ரெக்கார்டு நோட்டில் மூன்றாவது எண்ணையும் மற்ற இரண்டைப் போலவே எழுதிவிட்டேன். மாணவ நண்பர்களே, இப்படி எழுதாதவர் நம்மில் எத்தனை பேர்? ஒத்துப்போகும் எண்ணுக்கே மதிப்பெண் என்று பள்ளிநாள் முதல் பழகிவிட்டோம்.

இரவு படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதலிரண்டையும் கிண்ணத்து நீரில் மெல்ல முக்கியெடுத்தேன். மூன்றாவதை மட்டும், நேரமாகிவிட்டதே என்று திறந்த குழாயடியில் பிடித்துவிட்டேன். படலம் நீரோடு போயிருக்க வேண்டும். அந்தப் பொய் எண் நின்றிருந்தால் கழுவும் முறையே அளவை மாற்றும் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒன்று கேட்கிறேன். விடை முன்கூட்டியே அச்சிடப்படாத செய்முறை ஒன்றேனும் எங்களுக்கு வேண்டும். அதற்கு இந்தப் படலம் மிகவும் ஏற்றது. சொன்ன பேச்சைக் கேட்காது. எண்கள் ஒத்துப்போகாதபோது, ஏன் என்று எழுதியவருக்கும் மதிப்பெண் தாருங்கள்.

மறுநாள் அந்த வரியை அடித்து, உண்மையான அளவை எழுதினேன். நான்காவது குழாயை இப்போது வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.