இரும்பு மீசை

தில்லி கரோல் பாகில் உள்ள கார் அலங்காரக் கடைகளுக்கு சனிக்கிழமை பிற்பகல்தான் முகூர்த்த வேளை. வாரமெல்லாம் குர்கானிலோ நொய்டாவிலோ கணினித் திரையை வெறித்துக்கொண்டிருந்தவர்கள் அன்றுதான் தங்கள் வண்டிகளோடு வந்து இறங்குகிறார்கள். பல சமயம் அந்த வண்டி மஹிந்திரா தார். வாங்கி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. சீட் உறை, ஸ்டிக்கர், கூரை மேல் வரிசை விளக்கு என்று எல்லாவற்றுக்கும் பேரம் முடிந்த பிறகு கடைசியாக வருவது முன் பம்பர். தொழிற்சாலை மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றிவிட்டு, அங்கே கறுப்பு வர்ணம் பூசிய எஃகு பம்பரை மாட்ட வேண்டும்.

கடைக்காரரின் வசனம் காஷ்மீரி கேட்டிலிருந்து சண்டிகர் வரை ஒன்றேதான். முதலில் பிளாஸ்டிக்கை விரலால் தட்டிக் காட்டுவார். அது டொக்கென்று ஒலிக்கும். பிறகு எஃகைத் தட்டுவார். அது கணீரென்று ஒலிக்கும். "மோதினால் எதிராளிக்குத்தான் சேதம், உங்களுக்குக் கீறல்கூட விழாது சார்." இந்த வாக்கியத்தோடு வியாபாரம் படிந்துவிடும். தப்பு ஆரம்பிப்பதும் இந்த வாக்கியத்தில்தான்.

அதற்காக எஃகு பம்பரே வெட்டிப் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. காட்டு வழியில் அதற்கு உண்மையான வேலை இருக்கிறது. மேட்டில் ஏறும் வண்டியின் சக்கரம் மண்ணைத் தொடுவதற்கு முன் மூக்கு இடித்துவிடக் கூடாது. இதற்கு இடம்விடும் கோணத்தைத்தான் வண்டிப் பிரியர்கள் 'அப்ரோச் ஆங்கிள்' என்று மந்திரம் போல உச்சரிக்கிறார்கள். இரு ஓரங்களையும் வெட்டி, சக்கரத்தின் முகம் வெளியே தெரியும்படி அமைத்த பம்பர் இந்த விஷயத்தில் நிச்சயம் உதவும். அடுத்தது வின்ச் என்ற இழுவை எந்திரம். சேற்றில் புதைந்த வண்டி எதிரே உள்ள மரத்தில் கயிற்றைக் கட்டித் தன்னைத் தானே வெளியே இழுத்துக்கொள்ளலாம். அருணாசலப் பிரதேசத்து மழைக்காலத்தில், ஆள் அரவமற்ற மலைப் பாதையில் மாட்டிக்கொண்டவருக்கு இது அலங்காரம் அல்ல. இரவுக்குள் ஊர் போய்ச் சேர்வதா, வண்டியிலேயே விடியும்வரை நடுங்குவதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். வின்ச்சின் இழுவையைப் பிளாஸ்டிக் பம்பர் தாங்காது.

'புல் பார்' எனப்படும் தடுப்புக் கம்பியும் தேவையில் பிறந்ததுதான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளில் அந்தி நேரத்தில் கங்காருக்கள் துள்ளிக் குதித்துக் குறுக்கே வரும். ஒன்றின் மேல் மோதி ரேடியேட்டர் உடைந்தால், அடுத்த ஊர் சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வெயிலில் தண்ணீரில்லாமல் நிற்பதைவிட வண்டிக்கு முன்னால் இரும்பு வேலி கட்டிக்கொள்வது மேல். இன்று உலகெங்கும் பம்பர் விற்கும் ஏஆர்பி நிறுவனம் 1975இல் மெல்போர்னில் தொடங்கியது இந்தத் தேவையை நம்பித்தான்.

கங்காரு இல்லாத இந்தியாவுக்கு அதே கம்பி வேறு காரணத்துக்காக வந்து சேர்ந்தது. கட்சிக் கொடி பறக்கும் வண்டிகளில் முதலில் முளைத்தது; பிறகு ஒப்பந்தக்காரர்களின் வண்டிகளில்; அதன் பிறகு எல்லாருடைய வண்டிகளிலும். முகத்தில் முறுக்கு மீசை செய்யும் வேலையை வண்டியில் அது செய்கிறது. எதிரே வருபவர் கொஞ்சம் ஒதுங்கிப் போக வேண்டும். பஞ்சாப் எல்லையை ஒட்டிய ஹரியானாவின் மண்டி டப்வாலியில் பழைய ஜீப்புகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டித் தரும் பட்டறைகள் பிரசித்தம். அங்கே உருவாகும் பம்பர்களைப் பார்த்தால் சிலவற்றைக் கோட்டைக் கதவு என்றே நினைக்கத் தோன்றும்.

மாட்டுவது அரை நாள் வேலை. மிஸ்திரியும் ஒரு பையனும் சேர்ந்து கிளிப்புகளையும் போல்ட்டுகளையும் கழற்றி, பனி விளக்கின் ஒயரைப் பிரித்து, பழைய பம்பரைக் கீழே இறக்குவார்கள். அதை ஒருவரே தூக்கிவிடலாம். புதியதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். 40, 50 கிலோ என்பது சாதாரணம். அதற்கு மேல் வின்ச்சின் எடை. பிராக்கெட்டுகள் சேசிஸின் இரு முனைகளிலும் போய்ப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சில பட்டறைகளில் துளையைக் கொஞ்சம் 'பெரிதாக்குவார்கள்'. அதுவும் முடியாவிட்டால் வெல்டிங். நல்ல மிஸ்திரி இந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு, வேறு பிராக்கெட் கொண்டுவரச் சொல்வார். சனிக்கிழமை மாலை அவ்வளவு பொறுமை எல்லாரிடமும் இருப்பதில்லை.

விவரம் தெரிந்தவர் இங்கே கேட்கும் கேள்விகள் வேறு. வின்ச் உட்காரும் தகடு எவ்வளவு கனம்? இழுவைக் கொக்கி சேசிஸோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது பம்பரின் மேல்தகட்டில் ஒட்டவைத்ததா? பின்னதாக இருந்தால், இன்னொரு வண்டி இழுக்கும்போது கொக்கி பிய்த்துக்கொண்டு குண்டு போலப் பறக்கும். முழு பாரத்தில் வின்ச் சுமார் 400 ஆம்பியர் மின்சாரம் குடிக்கும்; பாட்டரியும் ஒயரும் அதைத் தாங்குமா? மூக்கில் இவ்வளவு பாரம் ஏறினால் முன் ஸ்பிரிங் அமுங்கும். ஹெட்லைட் வெளிச்சம் தாழும். பிரேக் பிடிக்கும்போது வண்டி முன்னால் குனியும். அதற்கு என்ன செய்வது? ரேடியேட்டருக்குப் போகும் காற்றை பம்பர் மறைக்கிறதா? நம்பர் பிளேட் எங்கே போகும்? இத்தனைக்கும் பதில் வாங்கிக்கொண்டு பம்பர் வாங்குகிறவர் உண்மையிலேயே மலைக்குப் போகிறவர். மற்றவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மேட் கறுப்பா, பளபளப்பா?"

கடைக்காரர் சொன்ன அந்த வாக்கியத்துக்குத் திரும்புவோம். எதிராளிக்குத்தான் சேதம் என்றாரே, இந்தியச் சாலையில் அந்த எதிராளி யார்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். 32,825 பேர் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இவர்கள் எல்லாரும் கார் மோதி இறந்தவர்கள் அல்ல, பம்பர் இடித்து இறந்தவர்களும் அல்ல. ஆனால் ஜீப்புக்கு எதிரே வர அதிக வாய்ப்புள்ளவர் யார் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. அவர் இன்னொரு ஜீப்பில் வருபவர் அல்ல. பால் வாங்கப் போகிறவர், பள்ளிக்கூடப் பையைச் சுமந்தபடி சாலையைக் கடக்கும் பிள்ளை, பின்னால் மனைவியை உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். உயரமான வண்டியின் எஃகுக் கம்பி பெரியவர்களுக்குத் தொடையிலோ இடுப்பிலோ இடிக்கும். சின்னக் குழந்தைக்கு அது தலையில் படும். பிளாஸ்டிக் பம்பர் நெளியும், உடையும். அப்படி உடைவதில் அடியின் வேகம் கொஞ்சமாவது குறையும். எஃகு எதையும் வாங்கிக்கொள்ளாது. வந்த அடியை முழுதாக எதிரே உள்ள உடம்புக்குக் கொடுத்துவிடும்.

சரி, அது ஊரார் கதை. உள்ளே இருப்பவராவது பத்திரமாக இருப்பாரா? அங்கேதான் இரண்டாவது தப்பு.

இன்றைய வண்டியின் முன்பகுதி நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. மோதலின் வேகத்தை முன்பகுதி நசுங்கி வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருக்கும் எலும்புகளுக்கு அது மிச்சமாக வராது. காற்றுப்பை விரிய வேண்டுமா, எப்போது விரிய வேண்டும் என்பதை உணர்கருவிகள் கண் இமைப்பதற்குள் முடிவு செய்கின்றன. வண்டியின் வேகம் எந்த விதத்தில் இறங்குகிறது என்பதை வைத்து அவை கணக்குப் போடும். அந்தக் கணக்கு தொழிற்சாலை மாட்டிய முன்பகுதியை வைத்துப் போடப்பட்டது. சேசிஸில் நேராக முடுக்கிய கனத்த எஃகு அந்தக் கணக்கையே மாற்றிவிடலாம். காற்றுப்பை வேண்டாத நேரத்தில் விரியலாம். வேண்டிய நேரத்தில் தாமதிக்கலாம். 2020 நவம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் தார் வாங்கிய நான்கு நட்சத்திரங்கள் விளம்பரங்களில் ஜொலித்தன. பல பேர் அதைப் பார்த்துத்தான் வண்டி வாங்கினார்கள். அந்த நட்சத்திரங்கள் தொழிற்சாலை மாட்டிய முன்பகுதியோடு மோதிய வண்டிக்குக் கிடைத்தவை. கரோல் பாகில் முகத்தை மாற்றிக்கொண்ட வண்டிக்கு அவற்றில் எத்தனை மிச்சம் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. நட்சத்திரமும் வேண்டும், எஃகும் வேண்டும் என்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதைதான்.

சட்டம் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத புல் பார்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும், உற்பத்தியாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் இந்த மாற்றத்தைக் காட்டிக் கையை விரிக்கவும் வாய்ப்புண்டு.

சட்டம் இவ்வளவு கறாராக இருக்க, கடைகளில் பம்பர்கள் பகிரங்கமாகத் தொங்குகின்றன. அவ்வப்போது சோதனை வாரம் வரும். நாற்சந்தியில் போலீஸார் நாலு கம்பிகளைக் கழற்றிப் போட்டுப் படம் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் மிஸ்திரிக்கு மறுபடியும் வேலை கிடைக்கும்.

இதில் உண்மையாகவே நஷ்டப்படுகிறவர் ஒருவர் உண்டு. மலைக்குப் போகிறவர். வளைய சாலையில் மீசை முறுக்குகிறவரையும், ஸ்பிதியின் பனிச்சேற்றில் வின்ச் தேவைப்படுகிறவரையும் சட்டம் ஒரே தராசில் நிறுக்கிறது. ஐரோப்பா இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. 2005இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய ஆணை முன் தடுப்புகளை அடியோடு ஒழிக்கவில்லை. பாதசாரியின் காலும் குழந்தையின் தலையும் மோதினால் என்ன ஆகும் என்று சோதித்துத் தேறியதை மட்டும் விற்கலாம் என்றது. முரட்டு இரும்புக் கம்பிகளுக்கு அதோடு வேளை முடிந்தது. ஆஸ்திரேலியாவிலும் காற்றுப்பையின் கணக்கு கெடாதபடி, மோதும்போது மடங்கிக்கொடுக்கும் பிராக்கெட்டுகளோடு பம்பர் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

இங்கேயும் முடியாத காரியம் அல்ல. வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் வசதி புனேயில் உள்ள ஏஆர்ஏஐயில் இருக்கிறது. கரோல் பாகிலிருந்து ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் போனால் வரும் மானேசரில் ஐகேட் இருக்கிறது. எந்த பம்பர் எந்த வண்டிக்கு, எவ்வளவு எடை, எந்த பிராக்கெட் என்று சோதித்து முத்திரை குத்தி, பதிவுச் சான்றிதழிலும் குறித்துக்கொடுத்துவிட்டால் மலைக்குப் போகிறவர் திருட்டுத்தனமாகப் போக வேண்டியதில்லை. முத்திரை இல்லாததை விற்கிற கடைக்காரரையும் அப்போது கேள்வி கேட்க முடியும். இப்போதைய 52ஆவது பிரிவு வண்டிக்காரரைத்தான் துரத்துகிறது. எதிராளிக்குத்தான் சேதம் என்று சொல்லி விற்றவர் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்.

அதுவரை மலைக்குப் போகாதவர்கள் செய்யக்கூடியது எளிது. ஒன்றும் செய்யாமலிருப்பதுதான். 2020இல் வந்த தார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 41.8 டிகிரி அப்ரோச் ஆங்கிளோடு வருகிறது. தில்லியின் எந்த வேகத்தடையும் அவ்வளவு செங்குத்தாக இல்லை.

மாலை ஆறு மணிக்கு வேலை முடிகிறது. புதுமுகத்தோடு வண்டி கடை வாசலில் நிற்க, செல்போனில் படங்கள் எடுக்கப்படுகின்றன. கழற்றிய பிளாஸ்டிக் பம்பரைப் பையன் துணியால் துடைத்துப் பின் சீட்டில் சாய்த்து வைக்கிறான். கம்பெனி சர்வீஸுக்குப் போகும்போதும் வண்டியை விற்கும்போதும் அது வேண்டியிருக்கும் என்று மிஸ்திரி சொல்லி அனுப்புகிறார். சோதனையில் நசுங்கி நட்சத்திரம் வாங்கித் தந்த முன்பகுதியின் முகம் அது. இனிமேல் அது துவாரகாவிலோ குர்கானிலோ ஏதோ ஒரு அடுக்ககத்தின் பால்கனியில், துடைப்பத்துக்கும் பழைய கூலருக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கும்.