எண்ணூர் ஆற்றில் படகுக்கு விலை உண்டு, சேற்றுக்கு இல்லை!

சென்னையில் மீன்பிடிப்பு என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது காசிமேடும் விசைப்படகுகளும்தான். அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தில் நடப்பது வேறு வகைத் தொழில். இடுப்பளவு தண்ணீர், ஒரு சின்னப் படகு, ஒரு வீச்சு வலை. சிலருக்கு அதுவும் கிடையாது, வெறும் கைதான். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படை வீதிக்குப்பம் போன்ற ஊர்கள் தலைமுறைகளாக இந்த ஆற்றை நம்பி வாழ்கின்றன. கடல் கொந்தளிக்கும் நாட்களில்கூட ஆற்றுக்குள் இறங்கி நாலு காசு பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம்.

இந்தத் தொழிலின் முதலாளி கடலின் ஏற்றமும் வற்றமும்தான். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் இது 8 மீட்டருக்கும் மேல் போகும். அங்கே வாயில் கொஞ்சம் மணல் சேர்ந்தாலும் கடல் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடும். எண்ணூரில் அப்படி இல்லை. ஒரு மீட்டர் ஓட்டத்தை வைத்துக்கொண்டு ஆறு மூச்சு விடுகிறது. முகத்துவாரத்தில் மண் மேடிட்டால் அந்த மூச்சு குறைந்துவிடும்.

மூச்சு போனால் மீனுக்கு என்ன? இங்கேதான் இறாலின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அதன் குஞ்சுகள் ஏறும் தண்ணீரோடு ஆற்றுக்குள் வந்து, சேற்றிலும் அலையாத்திச் செடிகளின் காலடியிலும் சில மாதங்கள் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. மடவைக் குஞ்சும் வெளியிலிருந்துதான் உள்ளே வருகிறது. கொடுவாயும் இளமையைக் கழிப்பது இப்படிப்பட்ட உவர்நீரில்தான். கிழங்கானுக்கு மணல் தரை வேண்டும், சேற்று நண்டுக்கு வளை தோண்டச் சேறு வேண்டும். ஆகவே ஆறு என்பது மீன் பிடிக்கும் இடம் மட்டும் அல்ல, கடலுக்கும் சேர்த்து மீன் வளர்க்கும் தொட்டில். ஆற்றில் இன்று கெடுவது நாளை கடல் வலையிலும் குறையும்.

கருவிகளும் இந்தத் தரையை நம்பியே உருவானவை. வீச்சு வலையின் ஓரத்தில் ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். அவை ஒரே நேரத்தில் தரையைத் தொட்டு வலை சுருங்கினால்தான் மீன் தப்பாது. தூண்டில்காரர் உயிருள்ள இறாலைக் கோத்து, தண்ணீர் திரும்பும் நேரத்துக்குக் காத்திருந்து கொடுவாயைக் குறிவைப்பார். இருளர் பெண்களோ தண்ணீரில் அமர்ந்து சேற்றைத் தடவித் தடவி, பிடித்த இறாலை வாயில் கவ்விய ஓலைப் பறியில் போடுவார்கள். வலை இல்லை, படகு இல்லை, டீசல் இல்லை. வணிகவியல் மொழியில் சொன்னால் முதலீடு பூஜ்யம், அவர்களின் மொத்த மூலதனமும் அந்தச் சேறுதான்.

அந்த மூலதனத்துக்கு என்ன ஆனது? வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலைக் குழம்பாகக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து கசிந்து, ஆண்டுக்கணக்கில் சாம்பல் தரையில் படிந்தது. தண்ணீரின் ஆழம் குறைந்தது. கழிமுகத்துக்கு வடக்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கியது (இப்போது அதன் பெயர் காமராஜர் துறைமுகம்). கடலோர மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்தால் மணல் தேங்குவது அதன் தெற்கே, அதாவது கழிமுகத்தின் பக்கம்தான். இது போதாதென்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த ஒருவகை மட்டி, மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைப்பது, தரையில் கம்பளம் விரித்ததுபோல் அப்பிக்கொண்டு பரவிவிட்டது. இறால் புதையச் சேறு இல்லை, கை வைத்துத் தடவவும் வழியில்லை.

பிறகு வந்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக ஆற்றில் இறங்கியது. படகும் வலையும் கறுத்தன. அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

பணம் கொடுத்தது தவறில்லை, அந்த நேரத்தில் அடுப்பு எரிய அது தேவைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். குடும்பத்துக்கு ஒரு தொகை, படகுக்கு ஒரு தொகை. ஆற்றின் தரைக்கு ஒரு பைசாவாவது எழுதப்பட்டிருக்கிறதா? ஒரு தொழிற்சாலையில் எந்திரம் தேய்ந்தால் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறார்கள். இங்கே எந்திரமே தேய்ந்துகொண்டிருக்கிறது, கணக்கேட்டில் அதற்குப் பத்தியே இல்லை! எண்ணெய் ஒரே நாளில் வந்ததால் செய்தியானது. சாம்பலும் மணலும் மெதுவாக வந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

'அப்படியானால் மின்சாரம் வேண்டாமா, துறைமுகம் வேண்டாமா' என்று உடனே ஒரு கேள்வி வரும். இரண்டும் வேண்டும்தான், வடசென்னை இளைஞர்களுக்கு அங்கே வேலையும் வேண்டும். கேள்வி அது அல்ல. சாம்பலைக் கசியாமல் கொண்டுபோவதற்கும், மேடிட்ட மணலை வாருவதற்கும் ஆகும் செலவு மின்சாரத்தின் விலையிலும் துறைமுகக் கட்டணத்திலும் ஏற வேண்டும். இப்போது அந்தச் செலவை, வெறும் கையால் இறால் பிடிக்கும் ஒரு பெண் ஒவ்வொரு நாளும் கட்டிக்கொண்டிருக்கிறாள். ரசீதும் கிடையாது.

செய்ய வேண்டியது பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், முகத்துவாரத்திலும் ஆற்றிலும் ஆழத்தை அளந்து, அந்த எண்ணைக் குப்பங்களில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைக்க வேண்டும். குறைந்த ஆழத்துக்குக் காரணமானவர் தூர்வாரும் செலவை ஏற்க வேண்டும். தூர்வாரும் நேரத்தையும் மீனவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும், இறால் குஞ்சு ஏறும் மாதத்தில் எந்திரத்தை இறக்கிவிடக் கூடாது. அடுத்த முறை நிவாரணப் பட்டியல் போடும்போது, படகு எண் கேட்கும் படிவத்தில் படகே இல்லாதவர்களுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.